வேர்ப் பாடம்

ஜூன் 10, திங்கள்

இன்று பள்ளி திறந்தது. தோட்டத்தைக் காணோம்.

ஏழாம் வகுப்புக்கு வந்திருக்கும் கனிஷ்காதான் கேட் வரைக்கும் ஓடிவந்து சொன்னாள். "டீச்சர், நம்ம தோட்டத்த ஆரோ வழிச்செடுத்துட்டாங்க!" ஆடு புகுந்து மேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆடு மேய்ந்தால் குச்சியாவது மிஞ்சும். அங்கே ஒன்றுமே இல்லை. கிராவல் கொட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். மேலே டயர்த் தடங்கள்.

மூன்று வருடம். கக்கூஸுக்குப் பின்னால் உடைந்த பாட்டிலும் பழைய துணியுமாகக் கிடந்த இடம் அது. நானும் பிள்ளைகளும் பொறுக்கிப் பொறுக்கிச் சுத்தம் செய்தோம். சதுரப் பாத்தியில் பரப்பளவு படித்தார்கள். வட்டப் பாத்தியைக் கயிறு வைத்து அளந்து சுற்றளவு படித்தார்கள். மிளகாய் எந்தக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது என்று சமூக அறிவியல். மாவடு, கத்தரிப்பிஞ்சு, வாழைக்கச்சல் என்று தமிழ். வகுப்பறைக்குள் வாயையே திறக்காத பிள்ளைகள், அங்கே வந்தால் சண்டை போட்டுக்கொண்டு பதில் சொல்லும். கறிவேப்பிலை என் தோள் உயரம் வளர்ந்திருந்தது.

தலைமை ஆசிரியர் திருமலைசாமியின் அறைக்குப் போய்க் கேட்டேன். அந்த மனுஷன் சிரித்தார்.

"அட, ஊட்டுல விசேசமில்லீங்களா டீச்சர். மண்டபத்துக்கு வர்றவிங்க காரு நிறுத்த எடமில்லீங்க. பின்னால ஒரே ஒரு செவுருதானுங்க, அதைய இடிச்சுட்டு ஜேசிபி உட்டு ஒரு இழுப்பு இழுக்கச் சொன்னேன். செடிதானுங்களே, மழ பேஞ்சா தன்னால மொளச்சுக்கும்."

மே கடைசியில் நடந்த அவர் மகள் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பள்ளியின் பின்சுவரை ஒட்டியிருக்கும் மண்டபத்தின் முன்வாசல் வழியாகப் போய், பெண்ணுக்குக் குத்துவிளக்கு கொடுத்து, பந்தியில் உட்கார்ந்து ரசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த நேரத்தில் பின்பக்கம் என் பாத்திகளின் மேல் கார்கள் நின்றிருக்கின்றன. இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஜூன் 11, செவ்வாய்

அழவில்லை. இட்லி மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஆகிவிட்டது. துடைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

பழிவாங்குகிற புத்தி எனக்குக் கிடையாது. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆனால் திருமலைசாமி மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த அதிரசத்தை எல்லோருக்கும் கொடுத்தபோது, எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. பக்கத்தில் இருந்த தமிழாசிரியை செல்வநாயகி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஸ்டாஃப் ரூமில் அவள் ஒருத்தியிடம்தான் நான் மனம் விட்டுப் பேசுவது. அவளிடம்கூட இதை விளக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

ஏழாம் வகுப்புக்குப் பரப்பளவையும் அறிவியல் டீச்சர் நான்தான் எடுக்கிறேன். கணக்கு ஆசிரியர் இடம் காலியாகவே கிடக்கிறது. கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்தேன். நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஏறவில்லை.

கனிஷ்கா எழுந்து, "டீச்சர், இதுல எத்தன கத்தரி நடலாமுங்க?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் ஜன்னல் வழியாகக் கிராவல் மேட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த ஆளை இந்த ஜென்மத்தில் விடக்கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

ஜூலை 18, வியாழன்

மாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. தோட்டத்தை வைத்துப் பாடம் நடத்தும் பள்ளிகளை ஆகஸ்டில் ஒரு குழு நேரில் வந்து பார்க்குமாம். நம் பள்ளியும் அதில் இருக்கிறது. இல்லாமல் எப்படி? திருமலைசாமி ஜூன் மாதம்கூட மாவட்டத்துக்குப் போன வருடப் போட்டோவைத்தான் அனுப்பியிருக்கிறார். போட்டோவில் என் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் அவரே நின்று சிரிக்கிறார்.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நான் இந்தப் பள்ளிக்கு வந்து இத்தனை வருடத்தில் அவர் வாங்கித் தந்த முதல் டீ.

"டீச்சர், நீங்க நெனச்சா முடியுமுங்க. ஒரு மாசத்துல எதாச்சும் பச்சையாத் தெரியற மாதிரி பண்ணிக் குடுங்க."

"ஒரு மாசத்துல தோட்டம் வராதுங்க சார்" என்றேன்.

கீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் பறித்தே விடலாம். வெண்டை முழங்கால் உயரம் வந்துவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது. அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை. டீ நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

இன்று காலை பள்ளிக்குப் போனால் தோட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை ஆட்களை விட்டுக் கிராவலைச் சுரண்டிவிட்டு, டிராக்டரில் குளத்து மண் அடித்து, வரிசை வரிசையாகத் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை. காயோடு நிற்கின்றன. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். "எப்புடி டீச்சர் ஒரே நாள்ல?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குழு வருவது வியாழக்கிழமை.

எனக்கும் அதே கேள்விதான். பிரேயருக்குப் பிள்ளைகள் போனபிறகு முதல் வரிசைக் கத்தரிக்குப் பக்கத்தில் குனிந்து விரலால் மண்ணை ஒதுக்கினேன். கருப்பாக ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. பிளாஸ்டிக் பை. அடுத்த செடியைப் பார்த்தேன். அதிலும் பை. மாடித் தோட்டத்துக்கு விற்கிற பையில் வளர்ந்த செடிகளைப் பையோடு அப்படியே புதைத்துவைத்திருக்கிறார்கள்.

வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். கல்யாண மேடைக்குப் பூந்தொட்டி வாடகைக்கு விட்ட அதே நர்சரிக்காரர்தானாம். குழு வந்துபோன மறுநாள் செடிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். நாற்காலி, பாத்திரம், வாசலில் கட்டும் வாழைமரம் மாதிரி தோட்டத்தையும் வாடகைக்கு எடுத்திருக்கிறார் எங்கள் தலைமை ஆசிரியர். விசேஷம் நடத்தியே பழகிய கை.

மண்ணைப் பழையபடி மூடிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. செல்வநாயகியிடம்கூட.

மூன்றாம் பீரியடில் ஏழாம் வகுப்புக்கு வேர் பாடம் தொடங்கினேன். அது இரண்டாம் பருவத்துப் பாடம். இருந்தால் என்ன?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒரு செடியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வேரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேலியோரத்தில் குப்பைமேனி, கீழாநெல்லி, அருகு எல்லாம் பிடுங்கி வந்து ஆணிவேர், சல்லிவேர் என்று பிரித்தார்கள். வேரின் நீளத்தை அளந்து செடியின் உயரத்தோடு விகிதம் போட்டார்கள். வேரோடு சேர்ந்த தமிழ்ச் சொற்களை எழுதினார்கள். கனிஷ்கா மட்டும் ஒரு பக்கம் எழுதினாள். அந்தப் பெண்ணுக்குக் கை சுத்தம், கண் கூர்மை, பயம் கிடையாது. வியாழக்கிழமைக்கு அவள்தான்.

"தோட்டத்துச் செடியையும் புடுங்கிப் பாக்கலாமுங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஆபீசர் வர்ற அன்னைக்கு. அதுவரைக்கும் பாத்தில ஒருத்தரும் கை வெக்கக்கூடாது" என்றேன்.

ஆபீசர் முன்னால் கத்தரிச்செடியோடு கருப்புப் பை மேலே வரும். அப்போது திருமலைசாமியின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 21, புதன்

குழு நாளைக்கு வரவில்லை. தேதி பிறகு சொல்வார்களாம். சாபம்.

ஆகஸ்ட் 28, புதன்

திருமலைசாமி செடிகளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். எப்போது வேண்டுமானாலும் குழு வரலாம் என்பதால் மனமில்லை. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். எனக்கு அதுதான் வேண்டும்.

ஆனால் செடிகள் மஞ்சளாகின்றன. அடி இலையில் தொடங்கி மேலே ஏறுகிறது. குளத்து மண் களிமண். பைக்கு அடியிலுள்ள ஓட்டைகளைக் களி அடைத்துவிட்டது. ஊற்றுகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. உள்ளே வேர் அழுகிக்கொண்டிருக்கும். அது இன்னும் கொஞ்ச நாள் தாங்கினால் போதும்.

இன்று அறிவியல் பீரியடில் கனிஷ்கா ஒரு மஞ்சள் இலையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "தண்ணி டெய்லி ஊத்தறமுங்க டீச்சர். ஏன் இப்புடி ஆகுது?"

"தழைச்சத்து பத்தல" என்றேன்.

எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தழைச்சத்துக் குறைந்தால் அடி இலை மஞ்சளாகும் என்பது புத்தகத்தில் உள்ளதுதான். பரீட்சையில் கேட்டாலும் அதுதான் விடை. நான் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தேதி வந்துவிட்டது. செப்டம்பர் 11, புதன்கிழமை. நான் தோட்டத்துப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். பார்த்தால் மனம் இளகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தாலே தக்காளி தொங்கிக்கொண்டிருப்பது தெரிகிறது.

ஆகஸ்ட் 31, சனி

சிலிண்டர் வந்தது. வீட்டுக்காரருக்கு வெள்ளைச் சட்டைகளை நீலம் போட்டு அலசினேன். சாயங்காலம் நல்ல மழை.

செப்டம்பர் 2, திங்கள்

ஏழாம் வகுப்பில் பாதிப் பேருடைய நகத்தில் கருப்பாக மண். சுத்தம் பற்றி ஒரு பாட்டம் திட்டினேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். சனிக்கிழமை லீவில் எங்கேயாவது கிணற்றுமேட்டில் ஆடியிருப்பார்கள்.

செடிகள் எல்லாம் தலை தொங்கிக் கிடக்கின்றன. திருமலைசாமி வராண்டாவில் நின்றபடியே, "என்னுங்க டீச்சர், இப்புடிச் சாஞ்சு போச்சு?" என்று கையைப் பிசைந்தார். தோட்டத்துக்குள் அவர் கால் வைக்க மாட்டார். செருப்பில் சேறு ஒட்டும். "வெயிலுங்க சார்" என்றேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஆச்சரியம். செடிகள் நிமிர்ந்துவிட்டன. கொழுந்து விட்டிருக்கிறது, கத்தரியில் புதிதாகப் பூ. எல்லாம் மழை செய்த வேலை. நல்லதுதான். செத்த செடி என்றால் ஆபீசர் கிட்டேயே போகமாட்டார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மாம்பழக் கலர் பட்டுப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். கழுத்துக்கு அட்டிகை போடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் நான் பாட்டு முணுமுணுத்தேனாம். செல்வநாயகி சொல்கிறாள். "என்ன வசந்தாமணி, உனக்கு எதாச்சும் புரமோசன் வந்துருக்கா?"

அதைவிடப் பெரியது.

செப்டம்பர் 11, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

பதினொரு மணிவாக்கில் குழு வந்தது. மாவட்ட அதிகாரி ஒரு அம்மாள். கூடவே இரண்டு ஆண்கள், கையில் எழுதும் அட்டை. திருமலைசாமி சந்தனம், கற்கண்டு, பன்னீர் என்று கல்யாண வாசல் மாதிரியே வரவேற்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் சந்தனத்தை விரலில் தொட்டுவிட்டு, "தோட்டம் எந்தப் பக்கம்?" என்றார்.

ஏழாம் வகுப்பு பாத்திகளைச் சுற்றி நின்றது. பிள்ளைகள் நன்றாகவே சொன்னார்கள். ஒருவன் பாத்தியின் பரப்பளவைச் சொல்லி, ஒரு செடிக்கு இவ்வளவு இடம் என்றால் எத்தனை செடி என்று வகுத்துக் காட்டினான். ஒருத்தி தக்காளியும் மிளகாயும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை, அதற்கு முன் நம் குழம்பில் காரத்துக்கு மிளகுதான் என்றாள். அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. திருமலைசாமி, "எல்லாம் நம்ம வழிகாட்டுதலுங்க மேடம்" என்றார். 'என்' வழிகாட்டுதல் என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, 'நம்ம' என்றார். அந்த 'நம்ம'வில் என்னையும் சேர்த்துக்கொண்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. இதுதான் சமயம் என்று முன்னால் போனேன்.

"மேடம், எங்க பிள்ளைங்க வேரைப் பாத்தே செடியைப் பத்திச் சொல்லுவாங்க. ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டச் சொல்றேன்."

"ஓ, பேஷா" என்றார் அந்த அம்மாள்.

திருமலைசாமியைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "வேண்டாமுங்க மேடம், பாவம், காய் புடிச்ச செடிங்க" என்றார். அவர் வாயில் பாவம் என்ற சொல்! அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி முடியாது.

"கனிஷ்கா, அந்த முதல் வரிசைக் கத்தரியப் பிடுங்கு."

கனிஷ்கா அசையவில்லை. "டீச்சர், பக்கத்துல தோண்டி வேரக் காட்டறனுங்க. செடி அப்புடியே இருக்கட்டும்."

"பிடுங்குன்னு சொன்னேன்."

"வேண்டாமுங்க டீச்சர். இப்பத்தானுங்க வேர் மண்ணப் புடிச்சிருக்குது."

எனக்கு அவள் சொன்னது காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாத்திக்குள் இறங்கி, கத்தரியை அடியோடு பிடித்து என் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தேன்.

வந்தது. கருப்பு மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று புது வேர், நூல் நூலாக, நாலு பக்கமும். பை இல்லை.

"பை எங்கே?" என்றேன்.

வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஆபீசர் அம்மாள் எந்தப் பை என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைப்பையைத் தேடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார். பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் "அச்சச்சோ" என்றார்கள். கனிஷ்கா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த செடியை மெதுவாக விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள்.

அவளே பேசினாள். "இதாங்க மேடம் ஆணிவேர். இது பக்கவேர். வெள்ளையா இருந்தா உயிரோட இருக்குதுன்னு அர்த்தமுங்க. பழுப்பா வழவழன்னு இருந்தா அழுகிருச்சுன்னு அர்த்தம். போன மாசம் இது பூரா அழுகிட்டு இருந்துச்சுங்க. இல கீழயிருந்து மஞ்சளாச்சு. தண்ணி ஊத்த ஊத்த இன்னும் மஞ்சளாச்சு. சரி, வேரப் பாக்கலாம்னு நாங்க தோண்டிப் பாத்தமுங்க. தண்ணி போக வழியில்லாம நின்னுட்டு இருந்துச்சு. ஒரு சனிக்கெழம எல்லாரும் வந்து, அழுகுன வேரக் கத்திரிச்சுட்டு, மணலும் தொழு உரமும் போட்டு மறுபடி நட்டு வெச்சமுங்க. ரெண்டு நாள் சாஞ்சு கெடந்துச்சு. அப்பறம் எந்திரிச்சுருச்சு."

பையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுக் கொடுக்கக் கூடாது என்ற அறிவு அந்தப் பன்னிரண்டு வயதுக்கு இருந்திருக்கிறது. பேசிக்கொண்டே குழி தோண்டி, நான் பிடுங்கிய செடியை அதில் வைத்து, மண்ணை அணைத்து, தண்ணீர் விட்டாள்.

"டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டார் அம்மாள்.

"இல்லீங்க மேடம். டீச்சருக்கே தெரியாதுங்க" என்று பின்னாலிருந்து இன்னொரு பையன் கத்தினான். "பழைய தோட்டம் போனதுலருந்து டீச்சர் சிரிக்கறதே இல்லீங்க. அதனால டீச்சருக்குத் தெரியாம செஞ்சோம்!"

ஆபீசர் அம்மாள் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன், கையில் சேற்றோடு.

குழு போனபிறகு திருமலைசாமி என்னைத் தேடி ஸ்டாஃப் ரூமுக்கே வந்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

"டீச்சர், பையோட இருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. புள்ளைங்கள உட்டு அதைய எடுத்துப்போட்டு, நீங்களே புடுங்கியும் காட்டி என்ற மானத்தக் காப்பாத்திட்டீங்க. நான் உங்களுக்குப் பண்ணுனதுக்கு, வேற ஆளா இருந்தா என்னையச் சந்தி சிரிக்க வெச்சிருப்பாங்க. பசங்க வாயில உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல வெச்சீங்க பாருங்க, அதுதானுங்க பெரிய மனசு."

குழு அவருக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து, செல்வநாயகியின் கையில் கொடுத்து எனக்குப் போர்த்தச் சொன்னார். போர்த்தினாள். இல்லை சார், நான் உங்களை நாறடிக்கத்தான் பார்த்தேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தாலாவது ஒரு அடி அடித்த திருப்தி மிஞ்சியிருக்கும். சொல்லவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே போய்விட்டார்.

நான் தோற்றுவிட்டேன். இனி எதைச் செய்தாலும் அந்த ஆளுக்கு நான் தெய்வம். இதைவிடக் கேடு ஒன்று எனக்கு வர முடியாது என்று நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

நர்சரிக்காரர் செடியை எடுக்க வந்து, பையில்லாமல் நிற்பதைப் பார்த்துக் கத்தினார். திருமலைசாமி சிரித்தமுகமாக அவரை அறைக்குள் கூட்டிப் போய்ச் சரிக்கட்டிவிட்டார். தோட்டம் இனிப் பள்ளிக்கே. இடித்த சுவரைக் கட்டவும் சொல்லியிருக்கிறாராம். மூன்று மாதமாக நான் ஏங்கியதெல்லாம் நடக்கிறது. ஒன்றும் ருசிக்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கனிஷ்கா வந்தாள். தட்டைக் கழுவி ஈரத்தோடு கையில் வைத்திருந்தாள்.

"டீச்சர், செடி பைக்குள்ள இருந்தது உங்களுக்கு மொதல்லயே தெரியுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்தபிறகு வரவில்லை. "தெரியும்" என்றேன்.

"எப்பருந்துங்க?"

"வெச்ச அன்னைக்கே."

தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் யோசித்தாள். கணக்குப் போடும்போது அவள் உதட்டைக் கடிப்பாள். அப்படிக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் மஞ்ச எலையக் கொண்டாந்து கேட்டப்பவும் தெரியுங்களா?"

"ம்."

"தழைச்சத்து பத்தலன்னு சொன்னீங்களே டீச்சர்."

அந்த ஆள் எனக்குச் செய்த அநியாயத்தை இந்தக் குழந்தையிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். டயர்த் தடத்தைப் பற்றி, ரசத்தைப் பற்றி, மூன்று வருடத்தைப் பற்றி. சொன்னால் புரிந்துகொள்வாள். புரிந்துகொண்டு, பாவம் டீச்சர் என்றுகூடச் சொல்வாள். ஆனால் அவள் கேட்டது அதையல்ல. அவள் கேட்டது அறிவியல் கேள்வி. அதற்கு நான் தெரிந்தே தப்பான விடை கொடுத்திருக்கிறேன். இருபத்தோரு வருட சர்வீஸில் முதல் தடவை.

"தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்றாள். கோபப்படவில்லை. தட்டை உதறிவிட்டு வகுப்புக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 18, புதன்

வெண்டை இலையில் ஓட்டை ஓட்டையாக விழுந்திருக்கிறது. ஏழாம் வகுப்பைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். "இது புழு அரிச்சது. இலையோட அடிப்பக்கத்துல இருக்கும். எழுதிக்குங்க" என்றேன்.

எப்போதும் நான் வாயை மூடுவதற்குள் நாற்பது பேனாவும் ஓடத் தொடங்கிவிடும். இன்று ஒன்றுகூட ஓடவில்லை. யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆளுக்கொரு செடியாகக் குனிந்து, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கனிஷ்கா ஒரு இலைக்கு அடியிலிருந்து பச்சைப் புழு ஒன்றை எடுத்துக் குச்சியில் ஏற்றினாள். எல்லோரும் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள்.

"சரிதான். புழுதான்" என்றாள் கனிஷ்கா மற்றவர்களிடம்.

அதற்குப் பிறகுதான் எழுதினார்கள்.

அறிவியல் ஆசிரியைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆசிரியர் பயிற்சி வகுப்பில் நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் நாம் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது, தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று. பாத்தி நடுவில் நின்றுகொண்டு அழக்கூடாது என்று குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.